நான் கொடுத்த பொட்டலங்கள்

ஜெனி, சேவியர்,

இதை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். அக்கா படித்துவிட்டுத் தம்பிக்குக் கதையாகச் சொல்வது, தம்பி பாதியில் எழுந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவது, அதெல்லாம் வேண்டாம். உங்கள் அப்பா ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நாலு பக்கம் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படியுங்கள்.

நான் கோபமாக இருக்கிறேன். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருக்கிறேன் என்று அம்மா சொல்கிறாள். டீ ஆறிப்போனால் கோபம், மின்விசிறி சத்தம் போட்டால் கோபம். என்ன காரணம் என்று கேட்டுக் கேட்டு அவளும் விட்டுவிட்டாள். காரணம், ஜெனி, நீ கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் எழுதிய அந்த ஒரு பக்கம்தான்.

சேவை செய்யப் போனது பற்றியும், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது பற்றியும், நம் வீடு பற்றியும் எழுதியிருந்தாய். நன்றாகவே எழுதியிருந்தாய். அதில் என்னைப் பற்றி நாலு வரி. ‘என் அப்பா ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளி. பதினோரு வருடமாக மஞ்சள் காமாலைக்கு இலவசமாக மருந்து கொடுத்து வருகிறார். கொடுக்கும் பழக்கத்தை நான் அவரிடம்தான் கற்றேன். நான் சாகக் கிடந்தபோது என்னைக் காப்பாற்றியதும் அவர்தான்.’

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். பிள்ளையை நல்லா வளர்த்திருக்கே என்கிறார்கள். வீட்டுக்கு வந்து மீன் குழம்பு போட்டுச் சோற்றைப் பிசைந்தேன். பிசைந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினேன். அந்த நாலு வரியில் பாதி பொய். அது நீ சொன்ன பொய் இல்லை, மக்களே. நான் சொன்னது. அதை எடுத்துப் போடத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மருந்து எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்குப் பதினாறு வயதில் ஊரில் காமாலை வந்தது. கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். எங்கள் கடற்கரையில் ஒரு குடும்பம் அதற்குப் பொடி கொடுப்பார்கள். கீழாநெல்லியோடு இன்னும் என்னென்னவோ வேரைச் சேர்த்து அரைத்துக் காயவைத்தது. மூன்று நாள் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். உப்பு, எண்ணெய் ஆகாது. காசு வாங்க மாட்டார்கள். வாங்கினால் மருந்து வேலை செய்யாது என்று சொல்வார்கள். நான் பிழைத்தேன். பொடியால் பிழைத்தேனா, தானாகச் சரியானதா என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்? பிழைத்தவன் கேட்க மாட்டான்.

இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்த பிறகு, பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒருவருக்குக் காமாலை வந்தபோது எனக்கு அந்தப் பொடி ஞாபகம் வந்தது. மெயின்லேண்டிலிருந்து வரும் பயணிகள் கப்பலில் வேலை பார்க்கும் ராயப்பன் மாமா நம் ஊர்க்காரர்தானே. அவரிடம் சொன்னேன். அவர் லீவில் போய் வரும்போது பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்து ஹேடோவில் என் கையில் கொடுப்பார். அப்படியே பழக்கமாகிவிட்டது. ஹேடோ, சாத்தம், குட்வில் எஸ்டேட் என்று எங்கே தமிழாட்களுக்குக் கண் மஞ்சளானாலும் ஆள் வரும். நான் கொடுப்பேன். பத்தியம் சொல்வேன். ஒரு கிளாஸ் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன்.

வேலையில் என்னை ‘ஏய் சிலிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் கொக்கியில் சரக்கை மாட்டிவிடுகிற கயிறுக்கு அந்தப் பெயர், அதைக் கட்டுகிறவனுக்கும் அதே பெயர். ஆனால் பொட்டலம் கேட்டு வருகிறவர்கள் ‘அண்ணாச்சி இருக்காங்களா’ என்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இனி உன் சேவைக்கு வருகிறேன், ஜெனி.

நீ இரண்டாம் வருடம் சேர்ந்ததும் கல்லூரியின் சேவைக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னாய். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மரம் நடுவோம், ஆஸ்பத்திரியில் உதவி செய்வோம், மழைக்கு முன்னால் வாய்க்கால் சுத்தம் பண்ணுவோம் என்றாய். வாய்க்கால் என்ற வார்த்தையில் எனக்குக் கோபம் ஏறியது. நான் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. “ஏட்டி, ஊரான் சாக்கடையை அள்ளவா ஒன்னைய காலேஜுக்கு அனுப்புறேன்? அதுக்கு நீ படிக்கவே வேண்டாமே, நானே வேலை வாங்கித் தாறேனே.”

நீ திருப்பிக் கொடுப்பது பற்றி ஏதோ பேசினாய். நமக்கு இந்தத் தீவு எவ்வளவோ கொடுத்திருக்கிறது என்றாய். என்ன கொடுத்தது, முதுகு வலி கொடுத்தது என்றேன். சேவியர் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு உன் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டேன் என்று மறுநாள் நீ சொன்னாய். நான் நம்பினேன். அந்தப் பொய்க்காக உன்மேல் இப்போதும் கொஞ்சம் கோபம் உண்டு. அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவன் யார் என்று யோசிக்கும்போது அந்தக் கோபம் திரும்பி என்னிடமே வந்துவிடுகிறது.

ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு நீ போன அந்தச் சனிக்கிழமை, சாத்தத்தில் ஃபெரி ஏறி பாம்பூஃப்ளாட் போயிருக்கிறீர்கள். அங்கே ஒரு குடியிருப்பில் அடைத்துக்கொண்ட வாய்க்காலை நாள் முழுக்க அள்ளியிருக்கிறீர்கள். முழங்கால் அளவு தண்ணீர். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் இறங்கியிருக்கிறாய். குதிகாலில் தகரம் கிழித்திருக்கிறது. இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேனரைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நிற்கும் போட்டோவைப் பார்த்தேன். பேனர் புதிது. குழுவை நடத்தும் உங்கள் ஆசிரியரின் சட்டையில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. உங்கள் காலெல்லாம் சேறு. துறைமுகத்தில் கப்பலின் சரக்கறைக்குள் பூட்ஸ் இல்லாமல் இறங்கினால் என்னையே வெளியே அனுப்பிவிடுவார்கள். இருபது வயதுப் பிள்ளைகளை வெறுங்காலில் சாக்கடையில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள்.

பதினோராம் நாள் காய்ச்சல் வந்தது. முதலில் மலேரியாவாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். இங்கே காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் முதலில் அதுதான் வாயில் வரும். பாராசிட்டமால் கொடுத்தாள் அம்மா. மூன்றாம் நாள் கெண்டைக்கால் வலிக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். கண் சிவந்தது. ஐந்தாம் நாள் காலையில் அம்மா உன் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கண் மஞ்சள்.

பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. மற்ற காய்ச்சல் எல்லாம் டாக்டர்களுடையது, இது என்னுடையது என்ற தைரியம். ஆனால் வீட்டில் ஒரு பொட்டலம்கூட இல்லை. கடைசியாக இருந்ததைச் சாத்தத்துக்காரர்கள் வாங்கிப் போயிருந்தார்கள். ராயப்பன் மாமாவுக்குப் போன் பண்ணினேன். பை நிறைய இருக்கு மாப்ள, கப்பல்தான் சென்னையில நிக்குது, காத்து சரியில்லன்னு விட மாட்டேங்கான் என்றார். ஒரு நாள் தள்ளினார்கள்.  பிறகு கிளம்பி நடுக்கடலில் வந்துகொண்டிருந்தது.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். காமாலைக்கு டாக்டரிடம் மருந்தே கிடையாது, குளுக்கோஸ் ஏற்றிப் படுக்கப் போடுவான் என்றேன். இது பதினோரு வருடமாக நான் ஊருக்கெல்லாம் சொன்ன வசனம். ஆஸ்பத்திரி நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். மருந்து எத்தனையோ நூறு மைலுக்கு அப்பால், அலையில் ஆடிக்கொண்டு வருகிறது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மூன்று நாள். நம்மாட்களைத் தவிர வேறு யாருக்காவது இந்த மடத்தனம் வருமா?

எட்டாம் நாள் நான் டூட்டியில் இருந்தபோது அம்மா போன் பண்ணினாள். நேற்று ராத்திரியிலிருந்து பிள்ளை ஒன்றுக்குப் போகவே இல்லை என்றாள். கப்பல் நாளைக்குக் காலையில் வந்துவிடும் என்றேன்.  அதற்கு அவள் சொன்னாள். “ஒங்க கப்பல் வரட்டும். நீங்க அதுலயே ஏறிப் போங்க. நான் எம்பிள்ளைய கூட்டிட்டுப் போறேன்.”

சேவியர், நீதான் ஆட்டோ பிடித்தாய். உன் அக்காவை முதுகில் சாய்த்துப் படியிறக்கினாய். உன் ஸ்கூல் பையைக் காலி செய்துவிட்டு அதில் அவள் போர்வையையும், சீப்பையும், எதற்கென்று தெரியாமல் அவள் பொருளாதாரப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு போனாய். நான் வந்து சேர்வதற்குள் காஷுவாலிட்டியில் ட்ரிப் ஏற்றிவிட்டார்கள்.

அங்கே இருந்த டாக்டர் இளவயதுப் பெண். தெலுங்குக்காரர், நம்மிடம் ஹிந்தியில் பேசினார். மலேரியா, டெங்கு இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார். உன் காலை அமுக்கிப் பார்த்தார். நீ துடித்தாய். அவர் முகம் மாறியது. உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். “கந்தா பானி மே கயி தி க்யா?” அழுக்குத் தண்ணீரில் இறங்கினாயா என்று.

நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். “நஹீ மேடம். ஹமாரா கர் ஐசா நஹீ ஹை.” எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு இல்லை என்றேன். அழுக்கு என்றதும் எனக்கு வீட்டு மானம் ஞாபகம் வந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய், ஜெனி. வாயைத் திறந்தாய், மூடிவிட்டாய். எனக்கு அது அப்போது வலி என்று பட்டது. இப்போது தெரிகிறது, நீ பயந்தாய். சாகிற காய்ச்சலில்கூட அப்பாவுக்குப் பயந்தாய்.

நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று அடுத்த கேள்வி. இல்லை என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில் கிடைத்தது. ரிப்போர்ட் வர வர எனக்குப் புதுப்புது வார்த்தைகள் வந்தன. பிளேட்லெட் என்றால் ரத்தத்தில் இருக்கிற சின்னச் சின்ன அணு. காயம்பட்டால் ரத்தத்தை உறையவைப்பது அதுதான். உனக்கு அது மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கிரியாட்டினின் என்று இன்னொன்று. அது உடம்பில் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம் வேலை செய்தால் வெளியே போய்விடும், செய்யாவிட்டால் ரத்தத்திலேயே தங்கி ஏறும். உனக்கு ஏறிக்கொண்டே போனது. ஒன்று இறங்கக் கூடாது, ஒன்று ஏறக் கூடாது. இரண்டும் தலைகீழாக நடந்தது.

வெளியே வராந்தாவில்தான் எங்கள் வாழ்க்கை. தூரத் தீவுகளிலிருந்து கப்பலில் நோயாளியைக் கொண்டுவந்தவர்கள் பாய் விரித்துக் குடும்பமாகவே இருந்தார்கள். ஒரு பெங்காலிப் பெண் தன் மாமியாரைக் கொண்டுவந்திருந்தாள். அம்மாவுக்குத் தினமும் பொரி கொடுப்பாள். அம்மா அவளுக்குக் கஞ்சி கொடுப்பாள். இரண்டு பேரும் இரண்டு பாஷையில் ஆஸ்பத்திரி கக்கூஸைத் திட்டிக்கொள்வார்கள். அதில் மட்டும் ஒரு வார்த்தைகூட விளங்காமல் போகவில்லை. அரசு ஆஸ்பத்திரி என்பதால் பெரிய பில் கிடையாது. ஆட்டோவும், வெளியே எடுத்த ஒன்றிரண்டு டெஸ்ட்டும்தான். பணத்தால் உன்னை இழப்போம் என்ற பயம் எங்களுக்கு இல்லை. அப்படி ஒரு பயம் இருந்திருந்தால் யார்மேலாவது பழி போட்டிருப்பேன்.

மறுநாள் கப்பல் வந்தது. ராயப்பன் மாமா வீட்டுக்குக்கூடப் போகாமல் யூனிஃபார்மோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையில் பொட்டலத்தை வைத்தார். கண் கலங்கியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் கேட்டதைத்தான் கொண்டுவந்தார்.

இனி வருவது உங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. ஜெனி, குடித்தவள் நீ, உனக்கும் தெரியாது.

கப்பல் வந்த அன்று ஒரு வேளை, மறுநாள் காலையில் ஒரு வேளை. அம்மா குளிக்கப் போகிற நேரம் பார்த்தேன். கேண்டீனில் மோர் வாங்கி அதில் பொடியைக் கலக்கினேன். வாந்தி வரும்போல இருக்குப்பா என்றாய். டாக்டர் கொடுத்த மருந்து மக்களே, கண்ணை மூடிட்டுக் குடிச்சிரு என்றேன். நீ குடித்தாய். என்னை நம்பி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாய். நர்ஸ் உனக்கு எத்தனை மில்லி தண்ணீர் கொடுக்கலாம் என்று எழுதி கட்டிலில் தொங்கவிட்டிருந்தார். அந்தக் காகிதத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் கொடுத்தேன்.

இரண்டாம் வேளைக்குப் பிறகு நீ விடாமல் வாந்தி எடுத்தாய். பேச்சு குழறியது. டாக்டர் வந்து மறுபடியும் கேட்டார், ஏதாவது வெளி மருந்து கொடுத்தீர்களா, உண்மையைச் சொல்லுங்கள் என்று. இல்லை என்றேன். இந்த முறை அது பொய். டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்றார். சிறுநீரகம் செய்யாத வேலையை ஒரு மெஷின் செய்யும், ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடும் என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். தேவைப்பட்டால் சென்னைக்கு அனுப்புவோம், ஆனால் இந்த நிலையில் விமானத்தில் ஏற்றுவதே ஆபத்து என்றார். 

அன்று சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். ஷம்பா. உன் வகுப்புத் தோழி, ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஆரஞ்சுப் பையோடு. அவள் போட்டிருந்த டிஷர்ட்டில் சேவைக் குழு என்று ஹிந்தியில் எழுதியிருந்தது. ஹிந்தி எழுத்து எனக்குச் சரியாக வராது என்றாலும் எழுத்துக்கு மேலே இருந்த படத்தை எனக்குத் தெரியும். நீ கொண்டுவந்து காட்டிய படிவத்தில் அதே படம் இருந்தது.

“அங்கிள், ஏக் பாத் போல்னா ஹை,” என்றாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம்.

நான் ஹிந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். உங்கள் சேவையும் வேண்டாம், ஆரஞ்சும் வேண்டாம், என் பிள்ளை உங்கள் குழுவிலேயே இல்லை, போய்விடு என்றேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவள் அழவில்லை. “ஆப் சுன் தோ லோ அங்கிள்,” கொஞ்சம் கேளுங்களேன் என்றாள். நான் கதவைக் காட்டினேன். என் பிள்ளையின் உயிர் அவள் வாயில் இருந்தது. அதைத்தான் நான் வெளியே போகச் சொன்னேன்.

அவள் போனாள், ஆனால் வெளியே போகவில்லை. நேரே நர்ஸ் மேஜைக்குப் போயிருக்கிறாள். வாய்க்கால், வெறுங்கால், குதிகாலில் கிழிசல், எந்தச் சனிக்கிழமை என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் குழுவிலேயே இன்னொரு பையனுக்கும் அதே காய்ச்சல் வந்து ஊசி போட்டுக் குணமாகிவிட்டதாம். அதைச் சொல்லத்தான் மூன்று நாளாக உன் போனுக்கு அடித்திருக்கிறாள். உன் போன் என் பாக்கெட்டில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

டாக்டர் வந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். நேரே உன் கட்டிலுக்குப் போய்ப் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தார். காயம் ஆறி ஒரு கோடாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். “லட்கி கூங்கி ஹை க்யா?” உங்கள் பெண் ஊமையா என்று கேட்டார். “நான் அவளைத்தானே கேட்டேன். நீங்கள் ஏன் பதில் சொன்னீர்கள்?”

எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் ஒரு கிருமி இருக்கும். காயம்பட்ட காலோடு நின்றால் உடம்புக்குள் ஏறிவிடும். முதலில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, பிறகு ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். கண் மஞ்சளாவது அதனாலும் வரும். சீக்கிரம் வந்தால் சாதாரண மருந்தே போதும். டாக்டருக்கு முதல் நாளே சந்தேகம் இருந்திருக்கிறது. அழுக்குத் தண்ணீரே இல்லை என்று நான் அடித்துச் சொன்னதால் அதைப் பின்னால் தள்ளிவிட்டு வேறு பக்கம் தேடியிருக்கிறார். அன்று இரவே ஊசி ஆரம்பித்தார்கள். இரண்டு முறை டயாலிசிஸ். மூன்றாம் நாள் குழாய் வழியாக கட்டிலில் தொங்கிய பையில் சிறுநீர் இறங்கியபோது அம்மா அதைப் பார்த்துக் கைகூப்பினாள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நானும்தான் கும்பிட்டேன்.

நீ கண் திறந்து பேச ஆரம்பித்த பிறகு உங்கள் ஆசிரியர் ஆப்பிள் பையோடு வந்தார். நலம் விசாரித்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது கல்லூரி நிகழ்ச்சியில் நடந்ததாக எங்கும் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் தாங்களாக ஆசைப்பட்டு இறங்கினார்கள் என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் ஒன்று என்னைத் தடுத்தது. அவர் மறைக்கச் சொன்னதைவிடப் பெரியதை நான் ஏற்கெனவே மறைத்துக்கொண்டிருந்தேன். ஆப்பிளை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ஆப்பிள்களின்மேல் எனக்கு இன்றுவரை கோபம்.

பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். மூன்று மாதத்தில் நீ மறுபடியும் பாம்பூஃப்ளாட் கிளம்பினாய். ஆசிரியரிடம் பூட்ஸ் இல்லாமல் ஒருவரும் இறங்க மாட்டோம் என்று நீயும் ஷம்பாவும் எழுதியே கொடுத்தீர்களாம். இந்த முறை என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்தேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தை எழுதினாய். டாக்டர் கொடுத்த மருந்து என்று நான் சொன்னதை நம்பித்தான், காப்பாற்றியதும் அவர்தான் என்று எழுதினாய்.

நீ என்னிடம் கொடுக்கும் பழக்கத்தைக் கற்றேன் என்கிறாய். நான் சொல்கிறேன், கற்காதே. நான் பதினோரு வருடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதற்குப் பிறகு எப்படி இருந்தார்கள் என்று ஒரு வீட்டில்கூடப் போய்க் கேட்டதில்லை. குணமானவர்கள் வந்து சொன்னார்கள். சொல்லாதவர்களைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. காசு வாங்குகிறவனை நாலு பேர் கேள்வி கேட்பார்கள். சும்மா கொடுக்கிறவனை யார் கேட்பார்கள்? எனக்குப் பிடித்திருந்தது அதுதான். உன்னை வெறுங்காலில் இறக்கிவிட்டுப் படம் எடுத்த அந்த ஆளுக்கும் அதுதான் பிடித்திருக்கும். நீங்கள் பூட்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்தீர்களே, அந்தக் காகிதம்தான் நீ செய்ததிலேயே பெரிய சேவை என்று நான் சொல்வேன். நம் வீட்டிலும் நீ அப்படி என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க முடியாத வீடாக நான் வைத்திருந்தேன்.

போன வாரம் டூட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் வாங்கி மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். என்ன தொந்தரவு என்று, உன்னைப் பார்த்த அதே டாக்டர் கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு வேளையைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன பொடி, எவ்வளவு, எதில் கலந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதனால்தான் மோசமானதா என்று நான் கேட்டேன். அதை இனி யாராலும் சொல்ல முடியாது, ஆனால் சிறுநீரகம் நின்றுபோன உடம்பில் நான் அளந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், நீங்கள் என்னவென்றே தெரியாததை ஊற்றினீர்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம். பிறகு இன்னொன்று கேட்டார். இன்னும் எத்தனை வீட்டில் இது இருக்கிறது?

 எனக்கே தெரியாது.

வெளியே வந்து ஒரு சுவர் ஓரமாக நின்று, டோக்கன் காகிதத்தின் பின்னால் ஞாபகத்தில் இருந்த வீடுகளை எழுதினேன். வாங்கியவர்கள் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்பார்கள், அடுத்த முறைக்கு இருக்கட்டும் என்று அரிசிப் பானையில், அலமாரியில், மாதா படத்துக்குப் பின்னால் எடுத்து வைப்பார்கள். எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை, ராயப்பன் மாமாவைத் துணைக்குக் கூப்பிடவில்லை. நான் மட்டும் போனேன்.

முதல் வீட்டில் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டாவது வீட்டில் இரண்டு பொட்டலம் கொடுத்தார்கள், ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். கண் மஞ்சளானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். மூன்றாவது, குட்வில் எஸ்டேட்டில் மேட்டு வீடு. முன்னாள் லாஞ்ச் படகு டிரைவரின் மனைவி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்தார். ஆனால் கொடுக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க வீட்டு ஆளு பொழைச்ச மருந்துய்யா இது. ஒரு தடவ குடுத்தத வந்து திருப்பிக் கேக்கியே, ஒனக்கு வெக்கமா இல்லையா?”

“இருக்கு அக்கா,” என்றேன். வாசலில் நின்றபடியே கையை நீட்டினேன். அவர் அந்த முடிச்சை அவிழ்க்கும் வரைக்கும் கையைக் கீழே இறக்கவில்லை.